பெரிய விட்ட ஸ்டட்களில் 8 யுஎன், யுஎன்சி, எம்72×6: மரைக் குறியீட்டை எப்படிப் படிப்பது?

கேள்வி: பராமரிப்பாளன்

வணக்கம். அழுத்தக் கலம் ஒன்றின் மேல்மூடியை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்களை (தலையில்லாத, மரையிட்ட கம்பிகளை) மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வரைபடத்தில் ஸ்டட்டுக்கு “2½-8 யுஎன்-2ஏ” என்றும் நட்டுக்கு “2½-8 யுஎன்-2பி” என்றும் குறித்திருக்கிறார்கள். கிடங்கில் 2½ அங்குலம் என்று சீட்டு ஒட்டிய பெட்டியிலிருந்து நட்களை எடுத்துவந்து பூட்டிப் பார்த்தால், அவை ஸ்டட்டின் முனையிலேயே நின்றுவிடுகின்றன. முதல் மரையைக்கூடப் பற்றவில்லை. சீட்டைத் திரும்பப் படித்தபோது அதில் “2½-4 யுஎன்சி” என்று பொடி எழுத்தில் இருந்தது.

ஓர் அங்குலத்துக்கு உட்பட்ட போல்ட்களோடுதான் இதுவரை எனக்குப் பழக்கம். அங்கே யுஎன்சி என்றால் கோர்ஸ் (பருமனான) மரை, யுஎன்எஃப் என்றால் ஃபைன் (நெருக்கமான) மரை. விட்டமும் இந்த இரண்டில் எது என்பதும் தெரிந்தால், அங்குலத்துக்கு எத்தனை மரை என்பதை அட்டவணை சொல்லிவிடும். பெரிய விட்டத்துக்கு வந்ததும் சி, எஃப் என்ற எழுத்துகளே காணாமல் போய், வெறும் யுஎன்னுக்கு முன்னால் ஓர் எண் மட்டும் நிற்கிறது. இந்த 8 யுஎன் கோர்ஸா, ஃபைனா? 2½ அங்குலத்துக்கு யுஎன்சி என்று ஒன்று இருக்கும்போது அதை விட்டுவிட்டு இதை ஏன் வைத்தார்கள்? 2½ அங்குலம் என்பது 63.5 மி.மீ. தானே, எளிதில் கிடைக்கும் எம்64 (64 மி.மீ. மெட்ரிக்) நட்டை இதில் பூட்டினால் என்ன என்று உடன் பணிபுரியும் ஒருவர் கேட்கிறார். கூடாது என்று மனம் சொல்கிறது. காரணம் சொல்லத் தெரியவில்லை.

பதில் 1: வரைபட மேசை

குறியீட்டை இடமிருந்து வலமாகப் பிரித்துப் படியுங்கள். முதலில் வருவது அங்குலத்தில் பெயரளவு விட்டம். அடுத்தது ஓர் அங்குல நீளத்தில் எத்தனை மரை என்ற எண். அதன் பின் மரை வரிசையின் பெயர். கடைசியில் பொருத்த வகுப்பு. வகுப்பில் ஏ என்றால் வெளிமரை, அதாவது ஸ்டட் அல்லது போல்ட். பி என்றால் உள்மரை, அதாவது நட் அல்லது மரையிட்ட துளை. 1, 2, 3 என்று வகுப்பு எண் ஏற ஏற டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கப்படும் விலகல், இறுகும். இடக்கை மரையானால் இறுதியில் எல்எச் என்று சேர்ப்பார்கள். எதுவும் சேர்க்காவிட்டால் அது வலக்கை மரை. ஆக, உங்கள் ஸ்டட்டில் மரை எவ்வளவு பருமன் என்பதைச் சொல்வது 8 என்ற அந்த எண்தான். யுஎன் என்ற எழுத்துகள் மரையின் வடிவத்தையும், எந்த அட்டவணையைப் புரட்ட வேண்டும் என்பதையும் மட்டுமே சொல்கின்றன.

யூனிஃபைடு (யுஎன்) முறையை வகுக்கும் ஏஎஸ்எம்இ பி1.1 தரநிலையில் வரிசைகள் இரண்டு குணமுள்ளவை. முதல் வகையில் விட்டம் பெருகப் பெருக மரையும் பருமனாகிக்கொண்டே போகும். யுஎன்சி வரிசையைப் பாருங்கள்: 1 அங்குலத்துக்கு 8 மரை, 1¼-க்கு 7, 1½-க்கு 6, 1¾-க்கு 5, 2-க்கு 4½, பிறகு 2½ முதல் 4 அங்குலம் வரை 4. அந்த 4 அங்குலத்தோடு யுஎன்சி முடிந்துவிடுகிறது. யுஎன்எஃப் அதற்கும் வெகு முன்பே, 1½ அங்குலத்தில் 12 மரையோடு நின்றுவிடும். எக்ஸ்ட்ரா ஃபைன் எனப்படும் யுஎன்இஎஃப் 1 11/16 அங்குலத்தில் 18 மரையோடு முடியும். இரண்டாம் வகையில், விட்டம் எதுவானாலும் பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, மாறாது. 4, 6, 8, 12, 16, 20, 28, 32 என்று எட்டு மாறாப் பிட்ச் வரிசைகள் உண்டு. பெரிய விட்டத்தில் புழங்குபவை பெரும்பாலும் 8, 12, 16 ஆகிய மூன்றே.

எனவே 8 யுஎன் கோர்ஸா ஃபைனா என்ற கேள்விக்கு விட்டத்தைச் சொல்லாமல் விடை கிடையாது. 1 அங்குலத்தில் 8 மரை என்பது கோர்ஸ். அட்டவணையிலும் அதற்கு 1-8 யுஎன்சி என்றுதான் பெயர். 2½ அங்குலத்தில் அதே 8 மரை, கோர்ஸைவிட இரு மடங்கு நெருக்கமானது. 6 அங்குலத்தில் அது மிக மிக ஃபைன். இங்கே ஒரு நடைமுறை விதியையும் நினைவில் வையுங்கள்: மாறாப் பிட்ச் வரிசையின் ஓர் அளவு யுஎன்சி அல்லது யுஎன்எஃப் அளவோடு ஒத்துப்போனால், பழைய வரிசையின் பெயரையே எழுதுவார்கள். 1½-6 என்பது 6 யுஎன் அல்ல, யுஎன்சி. 1½-12 என்பது 12 யுஎன் அல்ல, யுஎன்எஃப். 1½-க்கு மேல் போனால் ஃபைன் வரிசையின் தொடர்ச்சியாக 12 யுஎன்னும், 1 11/16-க்கு மேல் எக்ஸ்ட்ரா ஃபைனின் தொடர்ச்சியாக 16 யுஎன்னும் வந்து அமர்ந்துகொள்கின்றன. 16 மரை பெரும்பாலும் நகர்த்திச் சரிசெய்யும் வளையங்களிலும் பிடிப்பு நட்களிலும் காணப்படும். இறுக்கும் ஸ்டட்டில் அதற்கு வேலை குறைவு.

8 மரை வரிசை உயர் அழுத்தக் குழாய்களின் ஃபிளாஞ்சுகளுக்கும் சிலிண்டர் மூடி ஸ்டட்களுக்குமென்று பிறந்தது. 12 மரைக்குக் கொதிகலன் வேலை தாய்வீடு. அழுத்தத்தைத் தாங்கும் மூட்டில், உள்ளே நீராவி ஏறும்போது மூடி விலகாத அளவுக்கு ஸ்டட்டை முன்கூட்டியே இழுத்து வைக்க வேண்டும். விட்டத்தோடு பிட்சும் வளர்ந்துகொண்டே போனால் அப்படி இழுக்க வேண்டிய முறுக்குவிசை கைமீறிப் போகும் என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். இன்று அந்த வழக்கம் தரநிலையிலேயே ஏறிவிட்டது. ஏஎஸ்டிஎம் ஏ193-இன்படி செய்யப்படும் ஸ்டட்களில் 1 அங்குலம் வரை யுஎன்சி, 1⅛ அங்குலம் முதல் 8 யுஎன். உங்கள் வரைபடத்தை வரைந்தவர் புதுமையாக எதையும் செய்துவிடவில்லை. கிடங்கில் இருக்கும் 4 மரை நட்தான் இந்த வேலைக்கு அந்நியம்.

மிகப் பழைய வரைபடமாயின் “8என்” என்று மட்டும் இருக்கலாம். அது யூனிஃபைடு முறைக்கு முந்திய அமெரிக்க தேசிய மரை. அதிலும் பிட்ச் 8-தான், கோணம் 60 பாகைதான், வகுப்புகளை மட்டும் வேறு விதமாக எழுதுவார்கள்.

பதில் 2: லேத்காரர்

எம்64 பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பம் பணிமேசையில்தான் பிறக்கிறது. மைக்ரோமீட்டரை எடுத்து வெளிவிட்டத்தை அளந்து மரையை அடையாளம் காணும் பழக்கம் சிறிய போல்ட்டில் ஓரளவு உதவும். இந்த அளவில் உதவவே உதவாது. 2½-8 யுஎன்-2ஏ ஸ்டட்டின் வெளிவிட்டம் 63.06 முதல் 63.44 மி.மீ. வரை இருக்கலாம். 2½-4 யுஎன்சி-2ஏ என்றால் 62.82 முதல் 63.42 வரை. எம்64×6, அதாவது சாதாரண மெட்ரிக் கோர்ஸ், வழக்கமான 6ஜி வகுப்பில் 63.32 முதல் 63.92 வரை. மைக்ரோமீட்டர் 63.38 என்று காட்டினால் அந்த ஸ்டட் இம்மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். மூன்றுமே தத்தம் எல்லைக்குள் சரியாகச் செய்யப்பட்டவையாகவும் இருக்கலாம்.

அளக்க வேண்டியது பிட்ச். அதையும் ஒரு மரையிலிருந்து அடுத்த மரைக்கு அளக்காதீர்கள். ஸ்டட்டின் மீது எஃகு அளவுகோலை அச்சுக்கு இணையாகச் சாய்த்து, ஒரு முகட்டைப் பூஜ்யமாக வைத்து அங்கிருந்து பத்தாவது முகடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். 8 மரையானால் 31.75 மி.மீ.; 4 மரையானால் 63.5, எம்64×6 என்றால் சரியாக 60, எம்64×4 என்றால் 40, எம்64×3 என்றால் 30. பத்து பிட்சில் இந்த வேறுபாடுகள் கண்ணாலேயே தெரியும், சந்தேகத்துக்கு இடமிருக்காது. மரை வடிவம் வெட்டிய கேஜ் இலையைப் பள்ளத்தில் வைத்துப் பார்ப்பது அதற்கு அடுத்தபடி. வைக்கும்போது பின்னால் வெளிச்சம் இருக்கட்டும்.

உங்கள் நண்பர் சொல்லும் நட் எம்64×6 ஆக இருந்தால் ஆபத்து குறைவு, ஏனென்றால் அது 8 மரை ஸ்டட்டில் ஏறவே ஏறாது. அஞ்ச வேண்டியது எம்64×3 நட்டைப் பற்றி. 8 மரையின் பிட்ச் 3.175 மி.மீ.; அதற்கும் 3 மி.மீ.க்கும் உள்ள வேறுபாடு 0.175 மட்டுமே. நட்டின் விட்டம் அரை மி.மீ. பெரியது என்பதால் கிடைக்கும் தளர்ச்சியில் முதல் இரண்டு மூன்று சுற்று கையாலேயே இலகுவாக ஏறிவிடும். அதற்கு மேல் மரைக்கு மரை 0.175 என்று பிழை கூடிக்கொண்டே போய் இறுகும். இதைக் கண்டவர் அழுக்கு, துரு, பர் (பிசிர்) என்று எண்ணி நீளமான ஸ்பேனரைப் போட்டுத் தள்ளினால், நட் கீழேயும் போய்ச் சேரும். ஆனால் மொத்தச் சுமையும் ஓரிரு மரைகளின் பக்கங்களில் மட்டும் உட்கார்ந்திருக்கும், மற்ற மரைகள் சும்மா நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். எனவே பெரிய நட் எதுவானாலும், சுத்தம் செய்து எண்ணெய் இட்ட பின், முழு உயரமும் கையால் சுற்றி ஏறாவிட்டால் அதை விசையால் ஏற்றாமல் நிறுத்திவிட்டு, பிட்சை அளக்க வேண்டும்.

விட்வொர்த்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய பிரிட்டிஷ் இயந்திரங்களில் 2½ அங்குல விட்வொர்த் மரைக்கும் அங்குலத்துக்கு 4-தான். 2 அங்குலத்துக்கு யுஎன்சி போலவே 4½. எண் ஒன்றாக இருந்தாலும் கோணம் 55 பாகை, முகடும் அடியும் உருண்டை. 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 60 பாகை யூனிஃபைடு மரைக்கு ஒப்புக்கொண்ட பிறகும் அந்த இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 60 பாகை கேஜ் இலையை வைத்தால் விட்வொர்த்தின் பக்கங்களில் மெல்லிய ஒளிக்கீற்று ஒரு முனையில் மட்டும் தெரியும். உங்கள் வரைபடத்தில் யுஎன் என்றே இருப்பதால் உங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பதில் 3: மூட்டுக் கணக்கு

முதல் பதிலில் சொன்ன வரலாற்றுக் காரணம் உண்மையே. ஆயினும் அதை வைத்துக்கொண்டு “8 யுஎன் என்றால் முறுக்குவிசை பாதியாகிவிடும்” என்று சிலர் நம்புவதால் கணக்கை முன்வைக்கிறேன். ஒரு நட்டை இறுக்கும்போது முறுக்குவிசை மூன்று இடங்களில் செலவாகிறது: மரையின் சரிவில் நட்டை ஏற்றுவதற்கு, மரைப் பக்கங்களின் உராய்வை வெல்வதற்கு, நட்டின் அடிப்பரப்புக்கும் தகட்டுக்கும் இடையிலான உராய்வை வெல்வதற்கு. பிட்ச் நேரடியாகப் பாதிப்பது முதல் பங்கை மட்டுமே. உராய்வுக் கெழு 0.12 என்று வைத்து 2½ அங்குல ஸ்டட்டுக்கும் கனத்த அறுகோண நட்டுக்கும் கணக்கிட்டால், ஒவ்வொரு நியூட்டன் இழுவிசைக்கும் 4 மரையில் ஏறத்தாழ 10.1 நியூட்டன் மி.மீ. முறுக்குவிசை தேவை, 8 மரையில் 9.7. வேறுபாடு நூற்றுக்கு நான்குகூட இல்லை. சரிவின் பங்கு பத்தில் ஒன்றிலிருந்து இருபதில் ஒன்றாகக் குறைகிறது, அவ்வளவே; மீதி முழுவதும் உராய்வு. இந்த அளவு ஸ்டட்டில் முறுக்குவிசையைக் குறைக்க வேண்டுமானால் நல்ல மசகைத் தேடுவதும், அதைவிட மேலாக, ஸ்டட்டை நேராகப் பிடித்து இழுக்கும் ஹைட்ராலிக் டென்ஷனரைத் தேடுவதும்தான் வழி.

அப்படியானால் 8 யுஎன்னால் என்ன லாபம்? முதல் லாபம் குறுக்குவெட்டுப் பரப்பு. யூனிஃபைடு மரையில் இழுவிசைப் பரப்பைக் கணக்கிட, விட்டத்திலிருந்து 0.9743-ஐ அங்குல மரை எண்ணால் வகுத்து வரும் ஈவைக் கழித்து, மீதியை இருமடி செய்து 0.7854-ஆல் பெருக்க வேண்டும். 2½-4 மரைக்கு 4.00 சதுர அங்குலம் வருகிறது. 2½-8 மரைக்கு 4.44. அதே விட்டத்தில், அதே எஃகில், பிட்சை மட்டும் மாற்றியதால் நூற்றுக்கு 11 பங்கு கூடுதல் வலிமை கிடைக்கிறது. விட்டம் பெருகப் பெருக இந்த ஆதாயம் சுருங்கும். 4 அங்குலத்தில் 11.08-க்கு எதிராக 11.81, அதாவது 7 பங்குக்கும் குறைவு.

இரண்டாவது லாபம், இறுக்கத்தை நுணுக்கமாகக் கட்டுப்படுத்துவது. இழுபடும் நீளம் 500 மி.மீ. உள்ள ஓர் எஃகு ஸ்டட்டில் 300 மெகாபாஸ்கல் தகைவு வர வேண்டுமானால் அது 0.73 மி.மீ. நீள வேண்டும். தகடும் கேஸ்கெட்டும் அமுங்குவதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 4 மரையில் அதற்கு நட்டை ஏறத்தாழ 41 பாகை திருப்பினால் போதும். 8 மரையில் 83 பாகை திருப்ப வேண்டும். கோணத்தில் ஐந்து பாகை பிசகினால் முதலாவதில் தகைவு எவ்வளவு மாறும், இரண்டாவதில் எவ்வளவு மாறும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இழப்பும் உண்டு. 8 மரையில் நட்டும் ஸ்டட்டும் ஒன்றையொன்று பற்றும் ஆழம் பக்கத்துக்கு 1.72 மி.மீ. மட்டுமே, 4 மரையில் 3.44. மரை பிய்ந்துபோவதை எதிர்க்கும் வெட்டுப் பரப்பு, நட்டின் உயரம் ஒன்றாக இருக்கும்வரை, கோட்பாட்டில் பிட்சைச் சார்ந்ததே அல்ல. ஆனால் சுமை ஏறும்போது நட் வெளிப்பக்கம் விரிவதும், டாலரன்ஸ் தின்னும் பங்கும், தேய்மானமும் ஆழம் குறைந்த மரையில் கூடுதல் விகிதத்தில் உறைக்கும். ஒரு பெரிய நட்டைச் சற்றுச் சாய்வாகப் பிடித்துத் தொடங்கிவிட்டால் மரை குறுக்கே ஏறும் ஆபத்தும் ஃபைன் மரையில் அதிகம். 12, 16 என்று இன்னும் நெருக்கிக்கொண்டு போகாமல் 8-இல் நின்றதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

பராமரிப்பாளன்

மூவருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன்: பத்து பிட்சுக்கு 31.7 மி.மீ., ஆகவே ஸ்டட் வரைபடத்தின்படியே இருக்கிறது, மாற்ற வேண்டியது நட்தான். எம்64 யோசனையைக் கைவிட்டாயிற்று.

இதையொட்டி இன்னும் சில ஐயங்கள். பக்கத்துக் கலத்தின் வரைபடம் மெட்ரிக். அதில் “எம்72×6-6ஜி” என்று இருக்கிறது. கோர்ஸ் மெட்ரிக்கில் பிட்சை எழுத வேண்டியதில்லை என்று படித்திருக்கிறேன், இங்கே ஏன் எழுதியிருக்கிறார்கள்? அதை எம்64-ஆக மாற்றிக் கிடங்கைச் சுருக்கலாமா என்றும் பேச்சு இருக்கிறது. மேலும், ஒரு விற்பனையாளரின் விலைப்பட்டியலில் “8 யுஎன்ஆர்-2ஏ ஸ்டட், 8 யுஎன்-2பி நட்” என்று கண்டேன். இரண்டும் வெவ்வேறு மரையானால் எப்படிச் சேரும்?

பதில் 4: அளவியல்

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ஆர் என்ற எழுத்து வெளிமரையின் அடிப்பகுதி உருண்டையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைக் குறிக்கிறது. அந்த வளைவின் ஆரம் குறைந்தது பிட்சில் 0.108 பங்கு இருக்க வேண்டும். பிட்சும் கோணமும் விட்ட எல்லைகளும் யுஎன் மரைக்கு உரியவையே. உருண்டை அடியால் தகைவு ஓரிடத்தில் குவிவது குறைகிறது, மீள்சுமையில் ஸ்டட்டின் ஆயுள் கூடுகிறது. உருட்டி எடுக்கும் மரையில் இந்த வளைவு தானாகவே வந்துவிடும். உள்மரைக்கு யுஎன்ஆர் என்று ஒன்று கிடையாது, ஆகவே யுஎன்ஆர் ஸ்டட்டுக்கு யுஎன் நட்தான் துணை. விற்பனையாளர் சரியாகவே எழுதியிருக்கிறார். விமானத்துறையில் புழங்கும் யுஎன்ஜே இதிலிருந்து வேறு: அதன் அடி வளைவு இன்னும் பெரியது, உள்மரையின் உள்விட்டமும் அதற்கேற்ப மாற்றப்பட்டது. யுஎன்ஜே ஸ்டட்டைச் சாதாரண யுஎன் நட்டோடு சேர்க்கக் கூடாது. யுஎன்எஸ் என்று கண்டால் அது அட்டவணையில் இல்லாத விட்ட–பிட்ச் சேர்க்கை. அதன் எல்லைகளை வரைபடத்திலேயே எண்ணாக எழுதியிருக்க வேண்டும்.

இனி மெட்ரிக். ஐஎஸ்ஓ முறையில் ஒரு விட்டத்துக்கு ஒரு கோர்ஸ் பிட்ச் என்ற ஏற்பாடு எம்64 வட்டாரத்தோடு தீர்ந்துவிடுகிறது. எம்36-க்கு 4, எம்42-க்கு 4.5, எம்48-க்கு 5, எம்56-க்கு 5.5, எம்64-க்கு 6 என்று வளர்ந்த பிட்ச், அதற்கு மேல் 6-இலேயே நின்றுவிடும். எம்72, எம்80, எம்90, எம்100 எல்லாவற்றுக்கும் இறுக்கும் போல்ட்டில் வழக்கமான பிட்ச் 6-தான். ஆனால் அவை கோர்ஸ் வரிசை அல்ல. ஐஎஸ்ஓ 261 அட்டவணையில் எம்72-க்கு 6, 4, 3, 2, 1.5 என்று ஐந்து பிட்ச்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன. ஆகவே “எம்72” என்று மட்டும் எழுதியது முற்றுப்பெறாத குறியீடு. அப்படி ஒரு கொள்முதல் ஆணை வந்தால் பிட்ச் என்ன என்று திரும்பக் கேட்க வேண்டும். அங்குல முறையில் 8 யுஎன் செய்த வேலையை மெட்ரிக்கில் இந்த மாறாத 6 மி.மீ. செய்கிறது என்று கொள்ளலாம், ஒரு வேறுபாட்டோடு: 6 மி.மீ. என்பது 8 மரையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு பருமன்.

6ஜி என்பதில் எண் டாலரன்ஸின் தரத்தையும், எழுத்து அது அடிப்படை அளவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதையும் சொல்கின்றன. வெளிமரைக்குச் சிறிய எழுத்து, நட்டுக்குப் பெரிய எழுத்து. நட்டில் வழக்கமானது 6எச். 2ஏ, 2பி ஜோடிக்கு மெட்ரிக்கில் நெருங்கிய உறவினர் 6ஜி, 6எச் ஜோடி எனலாம், ஆனால் ஒன்றை மற்றொன்றாக எண்ணி கேஜை மாற்றிப் பயன்படுத்த முடியாது.

பெரிய விட்டத்தில் பலர் தவறவிடுவது பொருந்து நீளக் குழு, அதாவது நட்டும் ஸ்டட்டும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் நீளத்தின் வகை. டாலரன்ஸ் அட்டவணை ஒரு சாதாரணப் பொருந்து நீளத்தை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. எம்64×6-க்கு அந்தச் சாதாரணக் குழு 32 முதல் 95 மி.மீ. வரை, ஆகவே 51 மி.மீ. உயரமுள்ள இயல்பான நட் எந்தச் சிக்கலும் இல்லாமல் அதற்குள் அடங்கும். பிட்சை 4-ஆக்கினால் அந்த எல்லை 19 முதல் 56 என்று சுருங்கிவிடும். விட்டத்துக்குச் சமமான 64 மி.மீ. உயரத்தில் கனத்த நட் செய்தால் அது நீளக் குழுவில் போய் விழும். அப்போது நட்டுக்கு 7எச் போன்ற தளர்ந்த வகுப்பைக் குறித்து இறுதியில் எல் என்ற எழுத்தையும் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் 6எச் என்றே செய்தால், கேஜில் தேறிய நட்டும் கேஜில் தேறிய ஸ்டட்டும், பிட்சில் சேரும் நுண்பிழையால், பாதி உயரத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கக்கூடும்.

எம்72-ஐ எம்64-ஆக மாற்றும் பேச்சை இப்போதே நிறுத்துங்கள். எம்64×6-இன் இழுவிசைப் பரப்பு 2676 சதுர மி.மீ.; எம்72×6-க்கு 3460. நீங்கள் இழக்கப்போவது சிறு பங்கல்ல. அதேபோல, பரப்பு இவ்வளவு கூடியதால் எம்72-இன் வலிமையும் அதே விகிதத்தில் கூடியிருக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஏ193 தரநிலையின் பி7 எஃகுக்குக் குறைந்தபட்ச இழுவலிமை எம்64 அல்லது 2½ அங்குலம் வரை 860 மெகாபாஸ்கல். அதைத் தாண்டி எம்100 வரை 795 மட்டுமே, ஏனென்றால் பருமனான கம்பியின் நடுப்பகுதிவரை வெப்பப்பதம் ஒரே சீராக இறங்குவதில்லை. பரப்பு நூற்றுக்கு 29 பங்கு கூடினாலும் தாங்கும் விசை நூற்றுக்கு 20 பங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது. இன்னொன்று: வரைபடத்தில் இந்த அளவுக்கு எதிரே 8.8 என்ற வலிமை வகுப்பை எழுதியிருந்தால், அவ்வகுப்பை வரையறுக்கும் ஐஎஸ்ஓ 898-1 எம்39 வரைதான் பேசுகிறது என்பதைச் சுட்டிக்காட்டி, எந்த எஃகு, எந்தப் பதம் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

பதில் 5: லேத்காரர்

நட் வாங்குவதற்கான ஆணையில் “2½ அங்குல கனத்த அறுகோண நட்” என்பதோடு நிறுத்தாமல் “2½-8 யுஎன்-2பி” என்று முழுவதையும் எழுதுங்கள். இரு தட்டைப் பக்கங்களுக்கு இடையே 3⅞ அங்குலம், அதாவது 98.4 மி.மீ. வரும், எம்64 நட்டுக்கு வாங்கிய 95 மி.மீ. ஸ்பேனர் இதில் ஏறாது. ஸ்டட்களுக்கு மேற்பூச்சு ஏதும் கேட்டிருக்கிறீர்களா?

பராமரிப்பாளன்

கேட்டிருக்கிறேன். கலம் திறந்தவெளியில் இருப்பதால் துருவைத் தடுக்க உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கலாம் என்று எண்ணினேன். அது மரையைப் பாதிக்குமா?

பதில் 6: அளவியல்

பாதிக்கும், அதுவும் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக. 60 பாகை மரையின் சாய்ந்த பக்கங்களில் பூச்சு படிவதால், பூச்சின் தடிமன் எவ்வளவோ அதைப்போல நான்கு மடங்கு பிட்ச் விட்டம் (மரையின் பல்லும் பள்ளமும் சம அகலமாக இருக்கும் இடத்து விட்டம்) கூடும். 2ஏ வகுப்பில் ஸ்டட்டை அடிப்படை அளவுக்குச் சற்று உள்ளே நிறுத்தும் ஒரு சிறு அலவன்ஸ் உண்டு. மெல்லிய பூச்சு அதற்குள் அடங்கலாம் என்றும், பூசிய பின் ஸ்டட் அடிப்படை அளவைத் தாண்டக் கூடாது என்றும் விதி. 2½-8 யுஎன்-2ஏ-க்கு அந்த அலவன்ஸ் 0.0024 அங்குலம், அதாவது 61 மைக்ரான். நான்கால் வகுத்தால் பூச்சுக்குக் கிடைப்பது 15 மைக்ரான். மின்முலாமோ மெல்லிய பாஸ்பேட்டோ அதற்குள் அடங்கும். முக்கியெடுக்கும் துத்தநாகம் சாதாரணமாகவே 50 மைக்ரானைத் தாண்டிவிடும். அப்போது நட்டின் மரையை அளவுக்கு மேல் பெரிதாக்கி வெட்ட வேண்டியிருக்கும், ஏற்கெனவே 1.72 மி.மீ.தான் உள்ள பற்றும் ஆழத்தில் அது ஒரு பங்கைத் தின்றுவிடும். 3ஏ வகுப்பில் இந்த அலவன்ஸே கிடையாது என்பதால், உயர்ந்த வகுப்பு என்று எண்ணி 3ஏ கேட்டுவிட்டுப் பூச்சும் கேட்டால் நட் ஏறாது. துத்தநாகம்தான் வேண்டுமென்றால், நட்டைச் செய்பவரிடம் பூச்சின் தடிமனை முதலில் சொல்லிவிட்டு, பூசிய ஸ்டட் ஒன்றையும் அவரிடமே கொடுத்து, அதில் முழு உயரமும் கையால் ஏறும் நட்களை மட்டும் பெற்றுக்கொள்ளுங்கள்.